டப்பாவில் திரும்பி வந்த சோறு

என் கோமதியக்கா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. டெல்லிக்கு உனக்கு எழுதிய எல்லாக் கடிதத்தையும் அப்படித்தான் தொடங்கினேன். நீயும் "இங்கு அனைவரும் நலம்" என்று பதில் போடுவாய். அந்த அனைவரில் நீ இருந்தாயா, அக்கா? ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இன்று காலை உன் பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழச் சோறு கட்டினேன். ஆறவிட்டுத்தான் மூடினேன். சூட்டோடு மூடினால் மூடி வேர்த்து, அந்தத் தண்ணீர் சோற்றில் சொட்டி, பதினோரு மணிக்குள் ஒரு வாடை வந்துவிடும் என்று நீ சொல்வாய். ஜூலை மாதம், மழையும் வரவில்லை, புழுக்கம் உயிரை எடுக்கிறது. மூடியை உள்பக்கம் துணியால் துடைத்தபோது, எனக்குப் பின்னால் நீ நின்று பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒன்றரை வருஷமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்த ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் சமையலறை இரண்டு பேர் நிற்க முடியாத அளவுக்குச் சின்னது. ஆனாலும் நான் தனியாக நின்றதே இல்லை.

பால் பூத்தில் இருக்கிற கிழவர் என்னை "கோமதி பெஹன்ஜி" என்றுதான் கூப்பிடுகிறார். முதலில் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். குளிருக்கு உன் அரக்கு ஸ்வெட்டரைப் போட்டேன். உன் செருப்பு என் காலுக்குச் சரியாக இருந்தது. மாடிப்படியில் கீழே போகும்போது யாராவது "கோமதி" என்று கூப்பிட்டால் என் வாய் "என்ன" என்று கேட்கிறது.

போன வாரம் பத்மா ஆன்ட்டி வந்தார்கள். நம் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் மகளிர் பிரிவைப் பார்த்துக்கொள்கிற அதே ஆன்ட்டிதான். சோபாவில் உட்கார்ந்து உன் போட்டோவை ஒரு நிமிஷம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"வடிவு, இந்த வருஷ ஆண்டு மலர்ல கோமதிக்கு ரெண்டு பக்கம் ஒதுக்கியிருக்கோம்மா. அவளோட டிபன் குறிப்பு ஒரு பத்து எழுதிக் கொடு. ஈஸியா, செலவு கம்மியா, பிள்ளைங்க மிச்சம் வைக்காம சாப்பிடற மாதிரி. மேல ஒரு போட்டோ போட்டுடலாம். அச்சா?"

"மிச்சம் வைக்காமயா?" என்றேன்.

"ஆமா, அதானே அவ ஸ்பெஷல்! எங்க பிள்ளைங்க டப்பா எல்லாம் பாதி அப்படியே வரும். கோமதி வீட்டு டப்பா கழுவி வெச்ச மாதிரி வரும்னு காலனியே பேசும்."

எழுதித் தருகிறேன் என்றேன். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆன்ட்டி, இதில் ஒரு வரியையும் வெட்டாதீர்கள்.

முதலில் குறிப்புகள். கேட்டவர்களை ஏமாற்றக்கூடாது. முந்தின நாள் இட்லி மிஞ்சினால் நாலாக வெட்டி, கடுகு தாளித்து, பொடி தூவிப் பிரட்டினால் அது வேறு பண்டம். இட்லியாகவே வைத்தால், அதன் வெள்ளை நிறத்தைக் காட்டி வகுப்பில் "யே க்யா ஹை, சஃபேத் சஃபேத்" என்று சிரிக்கிறார்கள். வெட்டிப் பிரட்டினால் அதே பிள்ளைகள் கை நீட்டுகிறார்கள். சப்பாத்தி மாவைக் கொஞ்சம் பால் விட்டுப் பிசைந்தால் மத்தியானம்வரை தோல் ஆகாது. பீட்ரூட்டை வேகவைத்து மசித்து மாவில் சேர்த்தால் பூரி ரோஸ் நிறத்தில் வரும், காய் தொடாத பிள்ளையும் தின்னும். குளிர்காலத்தில் சிவப்புக் காரட்டும் பச்சைப் பட்டாணியும் கொட்டிக் கிடக்கும்போது அவலோடு சேர்த்துக் கிளறலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவித்து உப்பும் எலுமிச்சையும். வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் இடித்து உருண்டை. ஆப்பிள் துண்டை உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தால் கறுக்காது. தயிர்சோறு டிசம்பரில் வேண்டாம், கல்லாகிவிடும்.

பத்து வந்துவிட்டதா தெரியவில்லை. இதற்கெல்லாம் போட்டியில் உனக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். "குறைந்த செலவில் நிறைந்த டிபன்". பரிசு, நாலடுக்கு எவர்சில்வர் கேரியர். அந்த மேடையில் எடுத்த போட்டோவை ஊருக்கு அனுப்பியிருந்தாய். அதைத்தான் மலரில் போடப் போகிறார்கள். அந்தப் போட்டோவில் உன் உதட்டைப் பார்த்திருக்கிறாயா, அக்கா? உதட்டுக்கும் முகத்துக்கும் நிற வித்தியாசமே இல்லை.

எங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லையே! சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு நீ ஊருக்கு வந்தபோது திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியதிலிருந்து அதே பேச்சுதான். "கோமதியப் பாத்தியளா, டெல்லிக்குப் போயி எப்படி வெளுத்துட்டா!" "அங்க வெயிலு கெடையாதுல்லா, தண்ணியும் அப்படி." பெரியம்மா உன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தாள். எனக்குப் பொறாமை. என் கறுப்புக்கு மாப்பிள்ளை அமையாது என்று அம்மா புலம்புகிற காலம் அது. "என்ன கிரீம்டி போடுத, எனக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பேன்" என்று உன்னிடம் கேட்டேன். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே முறத்திலிருந்து பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டு மென்றாய். "கல்யாணத்துக்கு மழை கொட்டப் போவுதுட்டி" என்று உன்னைக் கேலி செய்தோம். ரத்தம் இல்லாத உடம்புதான் பச்சரிசி கேட்கும், சிலேட்டுக்குச்சி கேட்கும் என்று நீ போன பிறகு, ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நிறம் ஏறுகிறது என்று ஒரு வம்சமே கூடி நின்று சந்தோஷப்பட்டது. ரத்தம் இறங்கியது யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவதாவது பையனாகப் பிறக்கட்டும் என்று உன் மாமியார் சொன்னார்கள். அம்மாவும் சொன்னாள். உன்னை யார் கேட்டார்கள்? ஐந்தாம் மாதம் ரத்தம் போக ஆரம்பித்தது. போகிறதற்கு உன்னிடம் என்ன இருந்தது? டாக்டரம்மா உன் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு அத்தானிடம் கேட்டாளாம்: "காதீ நஹீ தீ க்யா? சாப்பிடவே மாட்டாளா?"

அத்தான் சொன்னாராம்: "வீட்டுல சமைக்கறதே அவதான் மேடம்."

இதை அத்தானே என்னிடம் சொன்னார். டாக்டர் என்னத்தைக் கேட்டாள் என்று அப்போதும் அவருக்குப் புரிந்திருக்கவில்லை. சமைக்கிறவள் எப்படிப் பட்டினி கிடப்பாள்?

நீ போய் நாலாம் நாள் நான் வந்து சேர்ந்தேன். பொங்கல் முடிந்து ஒரு வாரம். "ரெண்டு மாசம் இருந்து பிள்ளையளப் பாத்துட்டு வாட்டி" என்று அம்மா ரயில் ஏற்றினாள். மீனாவுக்கு அப்போது எட்டு வயது முடிந்திருந்தது, சுபாவுக்கு ஐந்து. பி.எஸ்ஸி. முடித்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தவள் நான். தோசை வட்டமாக வராது. ஆனால் உன் சமையலறையில் எல்லாம் தானாக வந்தது. எந்த டப்பாவில் என்ன என்று யாரும் சொல்லவில்லை, கை போய் எடுத்தது. பொடி டப்பாவுக்குப் பின்னால் டிஸ்பென்ஸரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்று அட்டையின் மேலேயே நீ பென்சிலால் எழுதி வைத்திருந்தாய்.

வெறும் வயிறு. அதையும் அப்போது படித்துவிட்டுத் தூக்கிப் போட்டேன்.

இரண்டு மாதம் ஆறு மாதம் ஆயிற்று. ஆறு மாதம் ஒரு வருஷம் ஆயிற்று. காலையில் அத்தானுக்கு ஒரு டப்பா, பிள்ளைகளுக்கு இரண்டு. சட்டியில் எதுவும் மிஞ்சாத அளவு. அளவு எனக்கு எப்படித் தெரிந்தது? நீ வைத்திருந்த அந்தச் சின்ன அளவுக் குவளைதான். மூன்று டப்பாவுக்கு ஒன்றரைக் குவளை. நாலாவது ஆளுக்கு அந்தக் குவளையில் கோடே கிடையாது. ஒருத்திக்காக மத்தியானம் மறுபடி அடுப்பு மூட்டுவதா என்று எனக்கும் தோன்றும். டீ போட்டுக் குடிப்பேன். இரண்டரை மணிக்குப் பிள்ளைகள் வந்ததும் டப்பாவைத் திறப்பேன்.

சுபா தினமும் மிச்சம் வைத்தாள். ஒரு இட்லி. அரைச் சப்பாத்தி. நாலு வாய்ச் சோறு, ஓரமாக ஒதுக்கி வைத்து. நான் திட்டுவேன். திட்டிக்கொண்டே, வீணாகக் கூடாது என்று, ஸிங்க் பக்கத்தில் நின்றபடி அதை வாயில் போட்டுக்கொண்டு டப்பாவைக் கழுவுவேன். கழுவி வைத்த மாதிரி வரும் டப்பா என்று காலனி பேசியதாமே. கழுவியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

இந்தப் பிப்ரவரியில் ஒருநாள் எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. டப்பாவைத் திறந்தால் இரண்டு கடலை உருண்டையில் ஒன்று அப்படியே இருக்கிறது. கோபம் வந்து சுபாவின் முதுகில் ஒன்று வைத்தேன். அடித்ததற்கு என்னை மன்னித்துவிடு. இல்லை, மன்னிக்காதே.

"உனக்குப் பிடிக்கும்னுதானடி செய்தேன்? எதுக்கு வீணாக்குத?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "வேஸ்ட் பண்ணலை சித்தி. பச்சா கே வெச்சேன்."

"மிச்சம் பிடிச்சு வெச்சியா? யாருக்கு?"

"அது அம்மாவோட ஹிஸ்ஸா."

அம்மாவின் பங்கு. அறை வாசலில் நின்ற மீனா, "சுப் கர் சுபா, வாயை மூடு!" என்று அதட்டினாள். நான் மீனாவைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, தமிழும் ஹிந்தியுமாகச் சொன்னாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து இரண்டு பேரும் காலி டப்பாவைக் கொடுத்திருக்கிறார்கள். நீ திறந்து பார்த்து, "சமத்துப் பிள்ளையள், எல்லாம் சாப்பிட்டாச்சா" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாய். மறுநாள் இட்லி மிச்சம் வந்தது. அதை நீ நின்றுகொண்டே சாப்பிட்டதை மீனா பார்த்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. கணக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். உன் டிபன் ருசியாக இருக்கிற நாளில்தான் ஒதுக்குவது கஷ்டம் என்றாள். "அப்பாகிட்ட சொல்லாதேன்னு அம்மா சொன்னா, சித்தி."

சுபாவைப் பார்த்தேன். "சரி, அம்மாதான் இப்ப இல்லையே கண்ணு. பெறவும் எதுக்கு வைக்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"இப்ப நீ சாப்பிடறியே."

அக்கா, பேய் பிடிப்பது என்றால் தலை விரித்து ஆடுவது என்று நினைத்திருந்தேன். இப்படி ஸிங்க் பக்கத்தில் நின்று, ஒரு குழந்தை கடிக்காமல் ஒதுக்கிய இட்லியை மென்று விழுங்குவது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வருஷமாக நான் உன் பங்கைத் தின்றுகொண்டிருந்தேன். அதுவும் பசிக்குப் போதாத பங்கு.

மார்ச்சில் அம்மா வந்தாள். இரண்டு தூக்கில் நல்லெண்ணெய், ஒரு பையில் பொடி, மனதில் ஒரு முடிவு. வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தானுக்கு இலை போடாத குறையாகப் பரிமாறினாள். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு அத்தானுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"ஏட்டி, அவிய சாப்பிட்டு எந்திரிக்கட்டும்."

"எனக்குப் பசிக்குது" என்றேன்.

அம்மா முறைத்துவிட்டு அத்தானிடம் திரும்பினாள். "சித்திரை பொறக்கவும் மலை மந்திர் முருகன் கோயில்லயே வெச்சு கல்யாணத்த முடிச்சிருவோம் மாப்பிள்ளை. ஆடம்பரம் ஒண்ணும் வேண்டாம். என்ன சொல்லுதிய?"

அத்தான் ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "பிள்ளையளுக்கு நல்லதுன்னா எனக்குச் சரிதான் அத்தை" என்றார்.

"எங்கிட்ட யாராவது கேட்டியளா?"

அம்மா சிரித்தாள். "கேக்கதுக்கு என்னட்டி இருக்கு? ஒரு வருசமா நீதான குடும்பம் நடத்துத. தாலி ஒண்ணுதான் பாக்கி. அக்கா பிள்ளையள தங்கச்சி பாக்கது உலகத்துல இல்லாததா? மாப்பிள்ளைக்கு என்ன குறை? குடிக்காவளா, அடிக்காவளா?"

குறை இல்லைதான். அத்தான் கெட்டவர் இல்லை. நீ போனபின் இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தவர். நான் அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"அத்தான், அக்கா மத்தியானம் என்ன சாப்பிடுவா?"

அவர் நிமிர்ந்தார். "நான் ஆபீஸ்ல இருப்பேம்லா வடிவு."

"லீவு நாள்ல?"

"எனக்கும் பிள்ளையளுக்கும் போட்டுட்டு அப்புறமா சாப்பிடுவா."

"சாப்பிட்டதப் பாத்தியளா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குவளை, உப்புத் தண்ணீர், சுபா ஒதுக்கிய பங்கு, நான் தின்றது. சொல்லும்போது என் குரல் ஏறியிருக்க வேண்டும், பிள்ளைகள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பெற்ற மகள் பட்டினியில் செத்திருக்கிறாள். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"இதுல என்ன அதிசயத்தக் கண்டுட்ட? பிள்ளை மிச்சத்தத் தின்னாத தாய் உண்டா? உங்க ரெண்டு பேர் தட்டுல கெடந்தத வழிச்சுத் தின்னுதான் நானும் வளத்தேன். நான் செத்தா போயிட்டேன்?"

பெருமையாகச் சொன்னாள், அக்கா. நாம் இரண்டு பேரும் சின்ன வயதில் அவளுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் தட்டை நக்கிவிட்டு எழுந்த நாட்கள் எத்தனை என்று அப்போதுதான் எனக்கு நினைக்கத் தோன்றியது.

"அதனாலதாம்மா எனக்கு வேண்டாம்" என்றேன். "அத்தான், உங்களுக்கு வேண்டியது பொண்டாட்டியா, டிபன் கட்ட ஆளா? அத மட்டும் சொல்லுங்க."

"வாயில போடுதேன் பாரு!" என்று அம்மா கரண்டியை ஓங்கினாள்.

அத்தான் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார். "எனக்குத் தெரியாது வடிவு. சத்தியமா."

"ஒருநா தெரியாமப் போனா தப்பில்ல அத்தான். பதினோரு வருசம் தெரியாமப் போச்சே."

அம்மா கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "சரி, நீ போயிரு. பிள்ளையள யாரு பாப்பா?"

"பெத்தவிய இருக்காவல்லா."

"ஆம்பிள்ளை எப்படிட்டி பாப்பாவ?" பிறகு கொஞ்சம் யோசித்து, தன்னைத்தானே சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்: "மீனாவுக்கும் பத்து நெருங்கிட்டுது. ரெண்டு வருசம் பல்லக் கடிச்சா அவளே எல்லாம் செஞ்சிருவா."

அன்று அந்தச் சொல்லை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. சண்டையில் ஜெயித்த தெம்பில் இருந்தேன். அம்மா பதினைந்து நாள் பேசாமல் இருந்துவிட்டு ரயில் ஏறினாள்.

உனக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், அவள் போன மறுநாள் காலை ஐந்தரைக்கு அத்தான் சமையலறைக்கு வந்தார். வந்து கேட்ட முதல் கேள்வி, "உப்பு எங்க இருக்கு?" பதினோரு வருஷம் அந்த வீட்டில் உப்புப் போட்டுச் சாப்பிட்டவர். முதல் உப்புமாவைப் பிள்ளைகள் அப்படியே கொண்டுவந்தார்கள். மீனா, "அப்பா, இது சிமெண்ட்" என்றாள். நான் உதவவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் சொன்னேன். குவளையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிய ஆழாக்கு ஒன்று சரோஜினி நகரில் வாங்கிவந்தோம். இப்போது அவல், பொடி இட்லி, தயிர்சோறு, ஆலு சப்பாத்தி, நாலும் அவருக்கு வரும்; வேறு ஏதாவது பிள்ளைகள் கேட்டால் அன்று மட்டும் நான் கட்டுவேன். சப்பாத்தி இலங்கை வரைபடம் மாதிரி வருகிறது. இருக்கட்டும்.

காலனி என்ன சொல்கிறது என்று கேட்கிறாயா? உனக்குப் பதினோரு வருஷம் கிடைக்காத அனுதாபம் அவருக்குப் பதினோரு நாளில் கிடைத்தது. "பாவம், ஆம்பிளை நின்னு டிபன் கட்டறார்." "இவ்வளவு செய்யறவரைக் கட்டிக்க இந்தப் பொண்ணுக்கு என்ன கொழுப்பு?" படிக்கட்டில் என் காதில் விழும்படிதான் பேசுகிறார்கள். உன் கை வெந்து கொப்புளம் வந்தபோது இவர்கள் உன்னிடம் குறிப்பு கேட்டார்கள். அத்தான் விரல் சுட்டபோது பர்னால் களிம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மே மாத லீவில் அத்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டார்: "வடிவு, இப்பத்தான் நான் எல்லாம் கத்துக்கிட்டேம்லா. இப்பவும் வேண்டாமா?"

"கத்துக்கிட்டது உங்க பிள்ளைகளுக்கு அத்தான். அதுக்கு நான் பரிசா?"

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அதை அவருக்கு நல்லதாகவே எழுதி வைக்கிறேன்.

எனக்குப் புசா ரோடு பக்கம் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. பக்கத்திலேயே பெண்கள் விடுதி. வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமைவரை.

செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். அத்தான் முதல்நாள் டூர் போயிருந்தார். கண் விழித்தபோது ஆறு மணி, சமையலறையில் விளக்கு. பாத்திரம் மோதுகிற சத்தம் இல்லை, யாரோ பார்த்துப் பார்த்து மெதுவாக வைக்கிற சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். யாரும் எழுந்துவிடக் கூடாது என்று நீ பாத்திரம் வைக்கிற சத்தம். எழுந்து போனேன்.

மீனா. குளியலறை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நிற்கிறாள். சப்பாத்தி திரட்டுகிறாள். கன்னத்தில் மாவு. பக்கத்தில் கேஸ் அடுப்பு எரிகிறது.

"என்னடி பண்ணுத?"

"பிராக்டிஸ் சித்தி. நீ போனப்புறம் அப்பாவுக்கு ஆபீஸ் லேட் ஆயிடும்ல. நான்தான் பண்ணணும். நானி போன்ல சொன்னாங்க."

நானி என்றால் நம் அம்மா. ஊரில் எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து போய், காசு போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

மேடையில் டப்பா இருந்தது. துடைத்து, ஆறவைத்து, மூடாமல். ஒரே ஒரு டப்பா. சுபாவுடையது.

"உனக்கு?"

மீனா வாளியிலிருந்து திரும்பினாள். ஒன்பது வயதுப் பிள்ளையின் முகத்தில் உன் சிரிப்பு வந்தது, அக்கா. அந்த வெளுத்த சிரிப்பு, ஒரு மாற்றமும் இல்லாமல்.

"எனக்கு பூக்கே இல்லை சித்தி. பசிக்கவே மாட்டேங்குது. சுபா மிச்சம் வைப்பா."

இவ்வளவு நாள் உன்னைத் தேடி நான் தப்பான பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறேன். நீ என் பின்னால் நிற்கவில்லை. நான் விலகினால் அந்த இடத்தில் நிற்கிறதற்கு உன் மகள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உயரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பை அணைத்தேன். அவளைத் தூக்கி இறக்கினேன். அவள் திரட்டிய மூன்று சப்பாத்தியையும் சுட்டு, சர்க்கரை வைத்துச் சுருட்டி, தரையில் உட்கார வைத்து, மூன்றையும் அவளே தின்னும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். அன்று இருவரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. டிஸ்பென்ஸரிக்குக் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்தோம். குறைவாகத்தான் இருக்கிறது, சரிசெய்துவிடலாம் என்றார்கள். சரிசெய்துவிடலாம் என்ற சொல்லை உனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

அத்தான் டூரிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் வாளியைப் பார்த்தார், மீனாவைப் பார்த்தார். "நான் செத்தாலும் அவள அடுப்புகிட்ட விடமாட்டேன்" என்றார். சாகவெல்லாம் வேண்டாம், ஐந்தரைக்கு எழுந்தால் போதும் என்றேன். டூர் வந்தால் முந்தின நாளே எனக்குச் சொல்ல வேண்டும், நான் வந்து தங்குவேன். ஊரிலிருந்து போன் வந்தால் மீனா கையில் கொடுக்கக் கூடாது. இரண்டுக்கும் சரி என்றார்.

அவர் வார்த்தையை நம்புகிறேனா? பாதி. போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருந்தால் மீனா எதைப் பார்த்து வளர்வாள்? கல்யாணம் ஆகாமலே ஒரு பெண் இந்த அடுப்பில் கரைவதைப் பார்ப்பாள். அதனால் போகிறேன்.

ஆனால் ஒன்று செய்வேன், அக்கா. வாரத்தில் ஒருநாள், எந்த நாள் என்று யாருக்கும் சொல்லாமல், முதல் பஸ் பிடித்து ஆறு மணிக்கு வந்து இந்தக் கதவைத் தட்டுவேன். டப்பாக்களை எண்ணுவேன். மீனா தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். தூங்காமல் அவள் கையில் மாவு ஒட்டியிருந்தால், அன்றே அவளையும் சுபாவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். விடுதியில் விடுவார்களா, ஊர் என்ன பேசும், அதெல்லாம் அப்புறம். மீனாவுக்குக் கல்யாணம், குழந்தை என்று எதுவும் வருவதற்கு முன்னால், பசிக்கிறது என்று சத்தம் போட்டுச் சொல்ல அவளுக்குத் தெரிந்திருக்கும். இதை மலர் படிக்கிற எல்லோர் முன்னிலையிலும் உனக்குச் சொல்லி வைக்கிறேன்.

உன் தங்கச்சி,
மீனாவுக்கும் சுபாவுக்கும் என்றைக்கும் சித்தி மட்டுமான
வடிவு